டப்பாவைத் திறந்தவன்

மாப்ள,

போன வாரம் ஒரகடம் கூட்டு ரோட்டில் ஃப்ரைடு ரைஸ் வண்டிக்காரர் கை தவறி வினிகர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். பாட்டில் உடைந்து வாசனை குப்பென்று கிளம்பியது. பார்சலுக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். டார்க் ரூமில் ஃபிலிம் கழுவிவிட்டு நீ அறைக்கு வரும்போது உன் சட்டையில் வரும் வாசனை அது. எந்த சோப்பு போட்டாலும் போகாது. "ஊறுகா ஜாடியோட குடித்தனம் பண்றேன்" என்று உன்னைக் கிண்டல் செய்வேனே, அதே வாசனை.

என் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாப்பா, அழுவுறியா?" என்று கேட்டாள். வினிகர் காரம் கண்ணில் ஏறிவிட்டது என்றேன். பொய் சொல்வது எனக்குப் புதிதா என்ன? உன்னிடம் சொன்ன பொய்க்கு முன்னால் இது ஒரு பொய்யே இல்லை.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைப்பாக்கத்தில் நாம் குடியிருந்த அறையில், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நீ ஃபிலிமும் பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் வைத்து மூடிய பிஸ்கட் டப்பா இருந்ததே, அதைத் திறந்தது நான்தான். அந்த ஃபிலிம் கறுத்ததற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை. நீ உயிரோடு இருந்தபோது இதைச் சொல்ல எனக்கு மூன்று முறை வாய்த்தது. மூன்று முறையும் வாயை மூடிக்கொண்டேன்.

நாம் பழகியதே சண்டையில்தான். மண்ணூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் நான் வெல்டர். டேங்கும் பைப்பும் செய்கிற இடம். ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் அதை அடித்த வெல்டரின் நம்பரைக் குத்தியிருப்பார்கள். என் நம்பர் பதினேழு. நீ வெளியிலிருந்து வருகிற டெஸ்டிங் கம்பெனி ஆள். ஷிஃப்ட் முடிந்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, வெல்டுக்கு ஒரு பக்கம் ஃபிலிமும் மறுபக்கம் சோர்ஸும் வைத்துப் படம் எடுப்பீர்கள். டாக்டர் எலும்பைப் பார்க்கிற மாதிரி இரும்புக்குள்ளே பார்க்கிற வேலை. மிளகு அளவுதான் அந்த சோர்ஸ், கதிர்வீச்சு விடுகிற உலோகத் துண்டு. அதை அடக்கி வைக்க ஒரு ஆள் தூக்க முடிகிற கனத்த பெட்டி. அந்தப் பெட்டிக்கு உங்கள் பாஷையில் கேமரா என்று பெயர். எங்கள் வெல்டர்களுக்கு அதைக் கண்டாலே குலை நடுக்கம்.

முதல் வாரமே பதினேழாம் நம்பர் ஜாயின்ட் இரண்டை ரிஜெக்ட் பண்ணிவிட்டாய். கேன்டீனில் உன்னை மறித்து, "நீயும் தெக்கத்திக்காரன், நானும் தெக்கத்திக்காரன். கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதா?" என்று கேட்டேன். நான் சாத்தூர், நீ கன்னியாகுமரிக் கடற்கரை. இங்கே வந்த பிறகு அதெல்லாம் ஒரே ஊர்தான். நீ சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாய், "ஃபிலிம்ல என்ன இருக்கோ அதத்தான் மக்கா எழுத முடியும். உனக்க மொகத்தப் பாத்தா எழுத முடியும்?" ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. பிறகு என் அறையில் இருந்தவன் ஊருக்குப் போய்விட, தங்க இடம் தேடிக்கொண்டிருந்த நீயே பெட்டியும் பாயுமாக வந்து நின்றாய்.

அப்போது இந்தப் பக்கம் இவ்வளவு கம்பெனி கிடையாது. பாதி நிலத்தை விற்றுவிட்டு, மீதியில் நெல் போட்டுக்கொண்டு, வீட்டை ஒட்டி வரிசையாக ஆறு அறை கட்டி விட்டிருந்தார் நம் வீட்டுக்காரர். முதல் அறை நமக்கு. அவர்கள் வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே அவர்கள் டிவி பார்த்தால் இங்கே நாம் கதை கேட்கலாம். அவர்களுக்கு ஒரே பெண், சங்கீதா. இரண்டாம் வகுப்பு. முன் பல் இரண்டும் விழுந்து, பேசினால் காற்று போகும்.

அவள்தான் ஆரம்பித்தது. ஒருநாள் நீ வேலைக்குக் கிளம்பும்போது வழியை மறித்துக்கொண்டு, சட்டைப் பையில் குத்தியிருந்த சின்ன அட்டையைக் காட்டி, "இன்னாண்ணா இது? ஐடி கார்டா? உம் போட்டோவே இல்ல?" என்று கேட்டாள். முந்தின நாள் அதை மறந்துபோய் மாட்டிக்கொண்டே வந்துவிட்டாய். இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் கம்பெனிப் பலகையில் மாட்டிவிட்டு வருவதுதான் உங்கள் வழக்கம். வேறு ஆளாக இருந்தால் போ பாப்பா என்றிருப்பான். நீ வாசலிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாய்.

"இதுக்குள்ள ஒரு துண்டு ஃபிலிம் இருக்கு மக்ளே. வெளிச்சம் படாம மூடியிருக்கு. ஆனா கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் உண்டு. அது என் மேல பட்டுதுன்னா இந்த ஃபிலிம் கறுத்துப் போவும். எம்புட்டு பட்டுச்சுன்னு காட்டிக் குடுத்துரும்."

"கண்ணுக்குத் தெரியலன்னா அது எப்டிண்ணா வெளிச்சம்?"

நீ கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. அன்று பஸ்ஸை விட்டுவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வா, சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்தாய். அவள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

முருங்கை மரத்தடியில் சாக்கு விரித்து அவர்களை உட்கார வைத்தாய். நான் வாசல்படியில் உட்கார்ந்து, துணி துவைக்கிற சாக்கில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிசிக்ஸ் படித்தவன் என்று நீ சொன்னபோது நான் நம்பியதில்லை. அன்றைக்குத்தான் நம்பினேன்.

"ரொம்ப காலத்துக்கு முன்ன, வெளிநாட்டுல ஒரு ஆளு இருந்தாரு. அவருட்ட ஒரு கல்லு இருந்துச்சு."

"அவரு பேரு இன்னா?"

"பேரு வாயில நுழையாது மக்ளே. கல்லுக்கார மாமான்னு வச்சுக்கிடுவோம். அந்தக் கல்ல வெயில்ல வச்சா அது வெயிலக் குடிச்சிட்டு, அப்புறமா ஒரு வெளிச்சத்தக் கக்கும்னு அவரு நெனச்சாரு."

"ரேடியம் ஸ்டிக்கர் மாரியா?" என்றான் ஒரு பையன்.

"அதே மாதிரின்னுதான் அவரும் நெனச்சாரு. ஃபிலிம் மாதிரி ஒரு தகடு. அத கறுப்புத் தாள்ல நல்லா சுத்தி, மேல கல்ல வச்சு வெயில்ல காட்டணும். அதான் பிளான். வெளிய பாத்தா ஒரே மேகம். வெயிலே காணல. சரி, வெயில் வரட்டும்னு எல்லாத்தையும் தூக்கி மேச டிராயருக்குள்ள போட்டுட்டாரு. ரெண்டு மூணு நாளு ஆச்சு. வெயில் வரவே இல்ல. அந்த மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? சும்மா அந்தத் தகட எடுத்துக் கழுவிப் பாத்தாரு."

"வெயிலே படலியே. அப்ப இன்னாத்துக்குக் கழுவினாரு?" சங்கீதாதான்.

நீ அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாய். "அதாம் கேள்வி. ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சும் கழுவிப் பாத்தாரு பாரு, அதுலதான் எல்லாமே இருக்கு. தகட்டுல கல்லு உக்காந்திருந்த எடம் அப்படியே விழுந்திருந்துச்சு. வெயிலும் இல்ல, வெளக்கும் இல்ல. யாருட்டயும் எதையும் வாங்காம, அந்தக் கல்லு தானா வெளிச்சம் விட்டுக்கிட்டு இருந்திருக்கு."

சங்கீதா மெதுவாகக் கேட்டாள், "அந்த டிராயர்ல, இருட்டுல, தனியா இன்னாண்ணா பண்ணிகினு இருந்துச்சு அந்தக் கல்லு?"

"அது பாட்டுக்கு அதுக்க சோலியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு மக்ளே," என்றாய். எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க தெருவில் யாரை எங்கே போகிறாய் என்று கேட்டாலும், "அதுக்க சோலியப் பாக்கப் போறேன்" என்று உன்னைப் போலவே இழுத்துச் சொன்னார்கள்.

கறுப்புத் தாளைத் தாண்டி அந்த வெளிச்சம் எப்படிப் போகும் என்றதற்கு மல்லிகைப் பூவைத் துணியில் முடிந்து கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னாய். கல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு, அடுத்த ஞாயிறு நம் ஸ்டவ்வில் மக்காச்சோளம் பொரித்தாய். மூடிய சட்டிக்குள் பட் பட் என்று வெடிக்கிறதே, அடுத்து எது வெடிக்கும் என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றாய். யாராலும் சொல்ல முடியவில்லை. "எது வெடிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா வெடிச்சுக்கிட்டே இருக்கும், போகப் போகக் கொறையும், வெடிச்சது திரும்பச் சோளம் ஆகாது. அணுவும் அப்படித்தான்." சோளப்பொரி தின்றுகொண்டே பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்குப் பத்தாம் வகுப்பில் புரியாதது முப்பது வயதில் முருங்கை மரத்தடியில் புரிந்தது. பொறாமையாகவும் இருந்தது. என்னைப் பார்த்து யாரும் அப்படி வாயைப் பிளந்ததில்லை.

கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டோம் என்றார்கள் பிள்ளைகள். அதற்காகத்தான் அந்த டப்பா. பெட்ரோமாக்ஸ் லைட்டுக்குப் போடுகிற, இன்னும் எரிக்காத புது மேண்டில் ஒன்று வாங்கி வந்தாய். "இந்த வலைக்குள்ள தோரியம்னு ஒண்ணு இருக்கு. எங்க ஊரு கடக்கரை மணல்ல இருக்குதே, அதுதான். நான் சின்னப் பிள்ளையில அது மேலதான் உருண்டு கெடந்தேன்." கம்பெனியில் தேதி முடிந்துபோன ஃபிலிமில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, டார்க் ரூமிலேயே இரண்டு சுற்று கறுப்புத் தாளில் பொதிந்து டேப் ஒட்டி எடுத்து வந்தாய். அதன் மேல் சங்கீதா கொண்டுவந்த ஆட்டுக் கொட்டகைச் சாவி. சாவிக்கு மேல் மேண்டில். டப்பாவில் வைத்து மூடி, உன் கட்டிலுக்கு மேலே இருந்த பலகையில் ஏற்றினாய். பிள்ளைகளைக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாய். எதிலும் அவ்வளவு கவனம் உனக்கு. "மூணு வாரம். யாரும் தொறக்கப்பிடாது. தொறந்தா போச்சு. வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் எல்லாம் கறுத்துப் போவும். பொறுமையா இருந்தா சாவி படமா வரும்."

மூன்றாவது வாரமும் எனக்கு நைட் ஷிஃப்ட். வெள்ளிக்கிழமை பகலில் தூங்கி எழுந்து படுத்தபடியே அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விளக்கு வலை படம் பிடிக்கும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் வராமல் நீ அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அசடு வழிவாயோ என்று கவலையாகவும் இருந்தது. அந்த வாரம் என் ஜாயின்ட்டில் இன்னும் ஒன்றை நீ தள்ளியிருந்தாய். அதனால், உள்ளதைச் சொன்னால், நீ அசடு வழிந்தால் பார்க்கலாம் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்தது. கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். அறை மங்கலானது. இந்த மங்கல் போதும் என்று நானே முடிவு செய்து, டேப்பைப் பிரித்துத் தாளை விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் வெளிறிய ஃபிலிம். கழுவினால்தான் படம் தெரியும் என்பதுகூட அப்போது மண்டையில் ஏறவில்லை. திரும்பப் பொதிந்து, டேப்பை ஒட்டியிருந்த இடத்திலேயே ஒட்டி, சாவியையும் மேண்டிலையும் இருந்த மாதிரியே வைத்து மூடினேன். கை வேலையில் நான் சுத்தக்காரன். அன்றைக்கு மட்டும் அவ்வளவு சுத்தமாகச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சிவப்பு பல்பு மாட்டி, மூன்று பிளாஸ்டிக் தட்டுகளில் மருந்து கரைத்துவைத்து உள்ளே போனாய். கார்த்திகைத் தீபம் முடிந்த வாரம். பிள்ளைகள் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கீதா கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. நீ ஃபிலிமின் ஒரு ஓரத்தைப் பிடித்தபடி வந்தாய். தண்ணீர் சொட்டியது. கட்டம் போட்ட வலையும் இல்லை, சாவியும் இல்லை. முழுக்கக் கறுப்பு.

"யாராச்சும் டப்பாவைத் தொறந்தீங்களா மக்ளே? திட்ட மாட்டேன். உண்மையச் சொல்லணும்."

"நான் இல்லண்ணா. சாமி சத்தியமா," என்றாள் சங்கீதா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற பிள்ளைகளும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். நீ தாளையும் டேப்பையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"மக்கா, நீ தொட்டியா?"

எட்டுப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஏழு வயசுப் பிள்ளைக்கு இருந்த பொறுமை எனக்கு இல்லை என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். "சே, நான் எதுக்கு அதத் தொடப் போறேன்?" என்றேன்.

நீ என்னை நம்பினாய். என் முகத்தைப் பார்த்து ஒரு ஜாயின்ட்டைக்கூட பாஸ் பண்ணாதவன், அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டாய்.

உன் முகம் மாறியது. ஒரு துண்டு ஃபிலிம் வீணானதற்கு இந்த மனுஷன் ஏன் இப்படி வெளுத்துப் போகிறான் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளிடம் பரவாயில்லை, இன்னொரு தடவை வைப்போம் என்று சொல்லி அனுப்பினாய். சங்கீதாவை மட்டும் நிறுத்தி, "நீ எங்க மக்ளே படுப்ப?" என்று கேட்டாய். அவள் நம் சுவரைத் தட்டிக் காட்டி, "இந்தச் செவுத்தோரம்தான். அம்மா அந்தாண்ட," என்றாள். அதற்குப் பிறகு நீ அன்று சாப்பிடவில்லை.

நான்கு நாள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் தலை வலிக்கிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் அப்பாவையும் அம்மாவையும் நம் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ நின்றுகொண்டு சொன்னாய். நானும் அப்போதுதான் முதல் தடவை கேட்டேன். இரண்டாவது வாரத்தில், நான் ஷிஃப்டில் இருந்த ஓர் இரவு, சோர்ஸைக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்த வேண்டிய ஜீப் மழையில் வரவில்லை. காலையில் ஒரகடத்தில் வேலை. உன் மேலதிகாரி போனில், ராத்திரி ஒன்றுதானே, கையோடு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். செய்யவே கூடாத காரியம் என்று தெரிந்தும் அந்தக் கேமராப் பெட்டியைக் கொண்டுவந்து உன் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாய். அளந்து பார்க்கிற மீட்டரில் பேட்டரி போய்விட்டிருந்தது. சட்டையில் குத்துகிற அந்த ஃபிலிம் அட்டையோ கம்பெனிப் பலகையில். காலையில் பெட்டியைச் சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ராத்திரி சோர்ஸ் சரியாக உள்ளே இறங்கிப் பூட்டியிருந்ததா, இல்லையா? பார்த்த சாட்சி ஒன்றே ஒன்றுதான், பலகை மேல் இருந்த பிள்ளைகளின் ஃபிலிம். அது கறுத்திருந்தது.

"பெட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல நான்தான் தரையில படுத்துக்கிட்டேன்," என்றாய். "என் உடம்பு என்னத்தத் தடுக்கப் போவுது? இருந்தாலும் படுத்துக்கிட்டேன்."

வீட்டுக்காரர் எழுந்து உன் சட்டையைப் பிடித்தார். "இன்னாத்தய்யா கொண்டாந்து வச்ச எங்க வூட்ல? எம் பொண்ணு இந்தச் செவுத்தாண்டதான்யா படுத்துகினு கீது!" வீட்டுக்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் வாயைத் திறந்தேன் மாப்ள. சத்தியமாகத் திறந்தேன். அப்போது நீ சொன்னாய், காலையிலேயே கம்பெனியில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாக. உன் வேலை போய்விட்டது. இனிமேல் சொன்னால், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு உன் வேலையைத் தின்றவன் நான் என்று ஆகிவிடும். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது உன் தப்புதானே, அதற்குத்தானே தண்டனை என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டர் சொன்னதும் வீட்டுக்காரருக்குக்கூட மனசு ஆறிவிட்டது. உனக்கு ஆறவில்லை. படித்தவனாயிற்றே. "இப்பம் ஒண்ணும் தெரியாது மக்கா. பத்து, இருவது வருசம் கழிச்சும் வரலாம்," என்றாய். அந்த வாரமே பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போனாய். சங்கீதா வாசலில் நின்று, "அண்ணா, இன்னொரு தபா சாவி வெக்கலாம்னியே," என்று கேட்டாள். நீ அவள் தலையைத் தொடக்கூட பயந்த மாதிரி கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாய்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கார்த்திகைத் தீபம் முடிந்த வாரத்தில் உன் போன் வரும். முதலில் தெருமுனை மெடிக்கல் ஷாப் நம்பருக்கு, அங்கிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். பிறகு என் செல்லுக்கு. என்னைப் பற்றிக் கேட்பாய், என் ஜாயின்ட்களைப் பற்றிக் கிண்டல் செய்வாய். கடைசியில் குரல் இறங்கும். "சங்கீதா நல்லாருக்காளா?" அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, நான் வேறு அறைக்குக் குடிபோன பிறகும், உன் போன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பிள்ளைப்பாக்கம் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். பல் முளைத்தது, சைக்கிள் ஓட்டுகிறாள், பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடுகிறாள். ஒவ்வொன்றாகச் சொல்வேன். நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். "இன்னும் வருசம் கெடக்கு மக்கா," என்று சொல்லி வைத்துவிடுவாய்.

வெல்டிங் முகமூடியை முகத்தில் இறக்கியதும், தீ பிடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் எதிரே ஒன்றுமே தெரியாது. வெறும் கறுப்பு. நீ ஈரம் சொட்டச் சொட்டக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அந்தக் கறுப்புதான் ஒரு நாளைக்கு நூறு தடவை என் முன்னால் வந்து நின்றது. அதற்குப் பயந்து எத்தனையோ நாள் லீவு போட்டிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் கண் வலி என்று சொன்னேன்.

அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சலில் விழுந்தாள். ஒரு வாரமாக இறங்கவில்லை. உன்னிடம் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் காலை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாய். பாதி ஆளாக இருந்தாய். ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்றாய். நான் போய் விசாரித்துவிட்டு வந்தேன். டைபாய்டுதான், இறங்கத் தொடங்கிவிட்டது என்றேன். நீ அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். நான் உன்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டாய், "அந்த ஃபிலிம் மட்டும் வெளுப்பா வந்திருந்தா, நானும் மனுசனா இருந்திருப்பேன், இல்லையா மக்கா?"

மூன்றாவது முறை அது. பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் படிக்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும். நான் உனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, தீபம் முடிந்த வாரத்தில் உன் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது பெண் குரல். "அண்ணே, நான் அவியளுக்க வீட்டுக்காரி பேசுதேன். மஞ்சக்காமாலையில அவிய போயிட்டாவ. மூணு மாசம் ஆச்சு. உங்க நம்பர் எனக்கு அப்பம் கெடைக்கல." அவரே தொடர்ந்தார். "சாவுறதுக்கு முன்ன ஒரு காரியம் சொல்லிட்டுப் போனாவ. வருசா வருசம் இந்த வாரத்துல உங்களுக்குப் போன் போட்டு, சங்கீதான்னு ஒரு பிள்ளை நல்லாருக்கான்னு கேக்கணுமாம். எதுக்குன்னு சொல்லல. அந்தப் பிள்ளை யாருண்ணே?"

உன் கவலையை நீ உன் மனைவிக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இனி அவர் வருஷா வருஷம் அதைச் சுமக்க வேண்டும். அப்போதுதான் மாப்ள என் வாய் திறந்தது. உன்னிடம் சொல்லாத எல்லாவற்றையும், முகம் பார்த்திராத அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முருங்கை மரத்தடி, சாவி, டப்பா, பெட்டி. நான் சாத்திய ஜன்னல். நான் சொன்ன பொய். திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன்.

"அப்பம் அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லாண்ணே?" என்று கேட்டார்.

"ஆகாதும்மா. பெட்டியும் காலையில சரியாத்தான் இருந்துச்சு, அவ ரத்தத்துலயும் ஒண்ணுமில்ல. ஒருநாளும் ஒண்ணும் ஆகப் போறதில்ல."

"சரிண்ணே. அவிய படத்துக்கிட்டப் போயி சொல்லிருதேன்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவர் போய்ச் சொன்னாரா, என்ன வார்த்தையில் சொன்னார், படத்துக்கு முன்னால் நின்று உரக்கச் சொன்னாரா, மனசுக்குள் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் வாயால் உன் காதில் விழவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் தீபம் முடிந்த வாரம் வந்தால் என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் பஸ் ஏறிவிடுகிறேன். போன வருஷமும் போனேன். சங்கீதா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிரே ஓடிவந்த தன் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கதவைச் சாத்தும்வரை எதிர்ப்புறம் நின்றேன். பிறகு பழக்க தோஷத்தில் செல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ் வரும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.